நாட்டுப் பாடலும் சேர்ந்திசையும்

பலர் ஒருங்கு கூடிப் பாடுவது தமிழர்க்குப் புதிதன்று. மார்கழி வைகறையிலே சங்கும் சேமக்கலமும் ஒலிக்கத் திருவெம்பாவை பாடிவரும் கூட்டத்தைப்பற்றிச் சண்டிலிப்பாயார்க்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை. கூத்துக் களரியிலே அண்ணாவியாரின் பக்கத்தில் நின்று, ஆடுவோர் பாடிய அடியை வாங்கிப் பாடும் பிற்பாட்டுக்காரரும் ஒரு சேர்ந்திசைக் குழுவினரே. பேராசிரியர் சு. வித்தியானந்தன் மேடையேற்றிய ‘இராவணேசன்’ நகரத்து அவையினரைக் கவர்ந்தமைக்கு ஆட்டத்தோடு அப்பிற்பாட்டும் காரணமெனலாம்.

எனினும், இக்காலத்திற் சேர்ந்திசை என்று வழங்கப்படுவது வேறொன்று. குரல்கள் பிரிந்து, ஒன்றோடொன்று இயைந்த வெவ்வேறு சுரங்களில் ஒரே வேளையில் ஒலிப்பது அது. நம் இராகமோ ஒற்றைக் குரலின் நெளிவிலே வாழ்வது. கமகத்தில் அசைந்து நிற்கும் ஒரு காந்தாரத்தின்மேல் மற்றொரு குரலை எங்ஙனம் நிறுத்துவது? இவ்விடர்ப்பாட்டை நேர்நின்று எதிர்கொண்டவர் எம். பி. சீனிவாசன் (1925–1988). சென்னை இளைஞர் சேர்ந்திசைக் குழுவைத் தொடக்கி, பாரதி பாடல்களையும் பல மொழிப் பாடல்களையும், இசையைத் தொழிலாகக் கொள்ளாதவரைக் கொண்டே பாடுவித்தார். அதற்கு முன்னரே, 1958-இல், கல்கத்தா இளைஞர் குழு ரூமா குகா தாகூர்த்தாவின் முயற்சியால் தோன்றியிருந்தது. சீனிவாசன் அசைவு மிகுந்த மெட்டுக்களை நாடாது, நேராக நிற்கும் சுரங்களைக்கொண்ட மெட்டுக்களிலே பிற குரல்களைப் பொருத்தினார். இராகத்தை இழந்தார் என்று சங்கீத வித்துவான்கள் குறை கூறலாம். அவர் பாடுவித்தது கச்சேரிக்கன்று என்பதை அவர்கள் மறத்தலாகாது.

நாட்டுப் பாடலுக்கு இம்முறை ஏற்குமா என்பதே எம் ஐயம். கரைவலை இழுப்போர் பாடும் அம்பாவை எடுத்துக்கொள்வோம். ஒருவர் அடியெடுக்க, ஏனையோர் விடை கூறுவர். விடை கூறும் அக்கணத்திலேதான் வலை இழுபடும். எடுப்பவர் பாடும் அடி, இழுப்போர் மூச்சு வாங்கும் இடைவெளி. அருவி வெட்டும்போதும் துலா மிதிக்கும்போதும் எழுந்த பாடல்களும் இவ்வாறே உடலுழைப்பால் அளவுபெற்றவை. துலா மறைந்து நீரிறைக்கும் இயந்திரம் வந்தபின் பாட்டு மட்டும் மேடைக்கு வந்திருக்கிறது. அண்மையில் யாம் கேட்ட ஒரு குழுவினர், அம்பாவின் எடுப்பையும் விடையையும் கலந்து, மூன்று குரல்களாற் போர்த்து, விரைவுபடுத்திப் பாடினர். அவை கைதட்டியது. ஆனால் அப்பாட்டிலே வலையுமில்லை, மூச்சுமில்லை. பெயர் மாத்திரம் அம்பா!

இஃது அயலார் முறையின் குற்றமன்று. பல்கேரியாவிலே 1951-இல் நாட்டிசைக் குழுவொன்றை நிறுவிய பிலிப் கூத்தெவ், கிராமத்துப் பெண்களின் திறந்த தொண்டைக் குரலை மாற்றாமலே அவர்களைப் பாடச் செய்தார். ஒருத்தி மெட்டைப் பாட, மற்றொருத்தி அருகிலுள்ள சுரத்தைப் பிடித்து நிற்க, இரண்டும் உராயும் வழக்கம் அந்நாட்டுச் சில பகுதிகளில் முன்னமே உண்டு. அவர் கட்டிய பல்குரல் அவ்வுராய்வினின்று வளர்ந்தது; வெளியிலிருந்து கொண்டுவந்து ஒட்டியதன்று. அங்கேரியின் கோடாய், தாம் ஊரூராய்ச் சென்று நாட்டுப் பாடல் தொகுத்தபின்னரே சிறுவர் குழுக்களுக்குப் பாட்டியற்றினார் என்பதும் நோக்கற்பாலது. நம் அம்பாவில் முன்னமே உள்ளது எடுப்பும் விடையும். கூத்துப் பாட்டிலும் அதுவே. ஒரு பகுதியினர் எடுக்க, மறு பகுதியினர் வாங்க, தாழ்ந்த குரலினர் சுருதியை விடாது பிடித்து நிற்பாராயின், கமகமும் கெடாது, உழைப்பின் அளவும் கெடாது. இதனை முயன்று பார்ப்பதற்குப் பெருஞ்செலவில்லை. குரல்வளம் மிக்கோரும் வேண்டியதில்லை.

பிறநாட்டுப் பாடல்களைப் பாடுவதில் எமக்கு மறுப்பில்லை. எசுத்தோனியர் 1869-இல் தார்த்து நகரிற் கூடிப் பாடத் தொடங்கிய இசைவிழா இன்றளவும் நடைபெறுகிறது. அத்தகைய பாடலொன்றை வழுக்கையாற்றங்கரைப் பிள்ளைகள் பாடுவது நன்றே. ஆயின் சொல்லின் பொருளும் ஒலிப்பும் முதலிற் கற்பிக்கப்படல் வேண்டும். பொருளறியாது வாயசைக்கும் பிள்ளை மெட்டையும் விரைவில் மறந்துவிடும். கற்பிப்பவர்க்கு ஒரு மாதம் கூடுதலாகச் செல்லும். ஆண்டுவிழா நாளைச் சற்றுத் தள்ளிவைத்தாற் போதும்.