தட்டைப் படத்தில் ஒரு குழி

திருவனந்தபுரம் தம்பானூர் பேருந்து நிலையத்தில் நாகர்கோவில் வண்டிக்கு நிற்கும் கூட்டத்தைப் பாருங்கள். கறுப்புக் கண்ணாடியும் கையில் கண் மருத்துவமனைக் கோப்புமாக யாராவது தென்படுவார். அந்தக் கோப்பில் இருக்கும் விழித்திரைப் படத்துக்கு நான் ரசிகன்.

சாதாரணக் கண்ணில் அது சீரான செம்மஞ்சள் வட்டம். கடும் கிட்டப்பார்வையில் கதையே வேறு. சுமார் 24 மில்லிமீட்டர் இருக்கவேண்டிய விழி 26, 28 என்று பின்பக்கமாக நீண்டுவிடுகிறது. விழித்திரை இழுபட்டு மெலிய, அடியில் ஓடும் ரத்தக்குழாய்கள் வரிவரியாகத் தெரிகின்றன. பார்வை நரம்பின் ஓரத்தில் வெளிறிய பிறை. சிலருக்குப் பின்சுவர், தேய்ந்த சைக்கிள் டியூப் போல, ஓரிடத்தில் மட்டும் புடைத்துக்கொள்ளும். படமோ தட்டை. ஆனால் புடைப்பின் விளிம்பில் நிறம் மாறுவதையும் குழாய்கள் வளைந்து இறங்குவதையும் வைத்தே மருத்துவர்கள் ஆழத்தைச் சொல்லிவிடுகிறார்கள். கைதேர்ந்த வாசிப்பு என்றால் இதுதான்.

இந்தப் புடைப்புகளை 1977இல் கர்ட்டின் என்ற கண் மருத்துவர் பத்து வகையாகப் பிரித்தார். 2014இல் டோக்கியோவின் கண் மருத்துவர் கியோகோ ஓனோ-மட்சுயி முப்பரிமாண எம்ஆர்ஐயோடு அகலக்கோணப் படங்களை ஒப்பிட்டு அந்தப் பட்டியலை எளிமையாக்கினார். பழைய கேமரா 45 டிகிரி பார்த்தது. புதியது 200 டிகிரி வரை பார்க்கிறது. ஆனாலும் சுவரின் வளைவைக் குறுக்குவெட்டாகக் காட்டும் ஓசிடி ஸ்கேனுக்குத்தான் என் ஓட்டு.

பவர் மைனஸ் 6ஐத் தாண்டியவர்கள் ஆண்டுக்கொருமுறை சொட்டு மருந்து விட்டு விழித்திரையைக் காட்டிவிடுங்கள். லேசர் செய்து கண்ணாடியைக் கழற்றியவர்களும்தான். அவர்கள் விழியின் நீளம் குறையவில்லை.