பிறன்கடையும் ஊருணியும்: திருக்குறளில் அயலார் அறம்

முன்னுரை

மனிதன் தன் நண்பனைத் தெரிந்தெடுக்கிறான். உறவினரைப் பிறப்பால் பெறுகிறான். அயலார் இவ்விரு வகையிலும் அடங்காதவர். வாடகையும் வேலையும் நிலமும் கொண்டுவந்து சேர்த்த இடத்தில், சுவர் ஒன்றே இடையாக அமைந்தவர் அவர். வாழ்வின் அமைதியும் அல்லலும் பெரும்பாலும் அவர் கையிலேயே உள்ளன. ஆயினும் 133 அதிகாரங்கள் கொண்ட திருக்குறளில் நட்பைப் பற்றி ஐந்து அதிகாரங்கள் (79 - 83) இருக்க, அயலாரைப் பற்றித் தனி அதிகாரம் ஒன்றும் இல்லை. இதனை நூலின் குறை எனக் கொள்வதா, அன்றி அவ்வறம் வேறு பெயரில் நூலுள் அமைந்துள்ளது எனக் கொள்வதா என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. அவ்வறத்தை உரசிப் பார்க்கும் கட்டளைக்கல்லாக, வள்ளுவர் சிலை 18 ஆண்டுகள் மூடியே கிடந்த பெங்களூர் நகர் கொள்ளப்படுகிறது.

அயல் என்னும் சொல்

தமிழில் ‘அயலார்’ என்னும் சொல் பக்கத்து வீட்டாரையும் குறிக்கும். தொடர்பற்ற வேற்றாரையும் குறிக்கும். அண்மையும் அந்நியமும் ஒரே சொல்லில் உறைகின்றன. கன்னடத்தில் ‘நெரெ’ என்னும் சொல் அண்டையையும் உணர்த்தும். ஆற்று வெள்ளத்தையும் உணர்த்தும். இவற்றின் வேர் ஒன்றா வேறா என்பது மொழிநூலார் ஆய்வுக்குரியது. வழக்கு நிலையில், அருகில் இருப்பது வாழ்விக்கவும் அழிக்கவும் வல்லது என்னும் பட்டறிவு இரு மொழியிலும் பதிந்துள்ளது எனலாம்.

சங்க அகப்பாடல்களில் அயல்மனைப் பெண்டிர் பெரும்பாலும் அலர் தூற்றுவோராகவே தோன்றுகின்றனர். மறுபுறம், நேரில் காணாமலே வளர்ந்த கோப்பெருஞ்சோழன் - பிசிராந்தையார் நட்பு போற்றப்படுகிறது. நட்பிற்கு உடனுறைதலும் பழகுதலும் வேண்டா, ஒத்த உணர்ச்சியே போதும் என்னும் குறளுக்கு (785) அவ்விருவரே சான்றாகக் காட்டப்படுவதும் நோக்கத்தக்கது. தொலைவிலிருந்த நண்பனைப் போற்றிய மரபு, அருகிலிருந்த அயலானை ஐயத்துடனேயே நோக்கியது என்பது இதனால் புலனாகிறது.

‘பிறன்’ - ஒருமையின் பொருள்

இல்லறவியலில் 15 முதல் 21 வரையுள்ள அதிகாரங்களை ஒருசேர நோக்கினால் ஒரு சொல் மீண்டும் மீண்டும் வருவதைக் காணலாம். பிறனில் விழையாமையில் ‘பிறன்பொருளாள்’, ‘பிறன்கடை’, அழுக்காறாமையில் ‘பிறனாக்கம்’, வெஃகாமையில் ‘பிறன்கைப்பொருள்’, புறங்கூறாமையில் ‘பிறன்பழி’, தீவினையச்சத்தில் ‘பிறன்கேடு’. வாயில், மனைவி, வளர்ச்சி, கைப்பொருள், பழி, கேடு என்னும் இவையனைத்தும் அருகில் குடியிருப்பவன் கண்ணுக்கும் காதுக்கும் எட்டுபவை. தொலைவில் உள்ளவன் செல்வம் செய்தியாகவே வந்து சேரும்; அழுக்காறு பெரும்பாலும் எதிர்வீட்டுத் திண்ணையைப் பார்த்தே பிறக்கும்.

‘பிறர்’ என்னும் பன்மை சமுதாயத்தைச் சுட்டுகிறது. ‘பிறன்’ என்னும் ஒருமையோ ஒரு வாயிலையும் அதற்குள் இருக்கும் ஒருவனையும் கண்முன் நிறுத்துகிறது. ஒருமை யாப்பு நோக்கி வந்தது எனலாம் என்பாரும் உளராகலாம். இவ்வதிகாரங்களிலேயே ‘பிறர்’ என்னும் வடிவமும் பயில்வதால் அத்தடையை முற்றிலும் தள்ளிவிட இயலாது. அதிகார வைப்புமுறையும் உரையாசிரியர் அனைவர்க்கும் ஒன்றன்று. ஆதலின் இவ்வாதம் வரிசையை மட்டும் நம்பி நிற்கவில்லை. விலக்கப்பட்ட குற்றங்கள் அனைத்தும் அண்மையில் விளைபவை என்பதே அதன் அடிப்படை.

இவற்றினிடையே பொறையுடைமை (16) அமைந்திருப்பதும் பொருளுடையது. நெறியினின்று நீங்கியவரையும் பொறுத்தல் வேண்டும் என்பதற்காகவே அது பிறனில் விழையாமையின்பின் வைக்கப்பட்டது என்பது பரிமேலழகர் கருத்து. தீய நண்பனைக் கைவிடலாம் எனக் கூறும் நூல், நட்பைத் தொடங்குமுன் ஆராய்தலுக்கு ஓர் அதிகாரமே (80) வகுக்கிறது. அயலானையோ முன்னரே ஆராயவும் முடியாது, பின்னர் எளிதில் கைவிடவும் முடியாது. எனவே அங்கு ஆராய்தலின் இடத்தைப் பொறுத்தல் பெறுகிறது. அயலார்க்கெனத் தனி அதிகாரம் இல்லாமைக்குக் காரணமும் இதுவே எனலாம். அயலாரை நல்லவர், தீயவர் எனப் பகுத்துக் காட்டுவதைவிட, ஒவ்வொருவனும் பிறனுக்கு அயலானாக எவ்வாறு ஒழுக வேண்டும் என்பதை வகுப்பதிலேயே வள்ளுவர் கருத்துச் செலுத்துகிறார்.

நீரும் மரமும்

விலக்குகள் முடிந்தபின் 22ஆம் அதிகாரமாகிய ஒப்புரவறிதல் வருகிறது. அங்கே ‘பிறன்’ மறைந்து ஊர் தோன்றுகிறது. பேரறிவாளன் செல்வம் நீர் நிறைந்த ஊருணியாகவும், நயனுடையான் செல்வம் உள்ளூரில் பழுத்த பயன்மரமாகவும் உவமிக்கப்படுகின்றன (215, 216). ஊருணி ஒரு வீட்டுக்கு உரியதன்று. மரம் பழுத்தால் அதன் பயன் வேலியைக் கடந்து செல்லும். நல்ல அயலாரின் இலக்கணம் இவ்விரு உவமைகளில் அடங்கியுள்ளது.

பொருட்பாலில் உட்பகை (89) இதன் மறுதலையாக அமைகிறது. அதன் முதற்குறள், நோய் செய்யுமாயின் நிழலும் நீரும் இன்னாதனவே என உவமித்து, தீங்கு செய்யும் தமரின் இயல்பை உணர்த்துகிறது. இறுதிக்குறள், உள்ளம் பொருந்தாதவரோடு வாழ்தலைக் குடிலுக்குள் பாம்போடு உடனுறைதலாகக் காட்டுகிறது. உரையாசிரியர்கள் இதனைச் சுற்றத்தாரிடையும் அரசியலிலும் தோன்றும் பகையாகக் கொள்வர். அப்பொருள் பொருந்துவதே. எனினும் ஒப்புரவில் வாழ்விக்கும் நீரும் மரமும், உட்பகையில் கெடுக்கும் நீரும் நிழலுமாக மாறி நிற்பது கருதத்தக்கது. நன்மைக்கும் தீமைக்கும் கருவி ஒன்றே; பயன்படுத்தும் உள்ளமே வேறு.

பெங்களூரில் வள்ளுவர்

இவ்வறம் சோதிக்கப்பட்ட களம் பெங்களூர். நகர இரயில் நிலையத்தை ஒட்டிய ஒக்கலிபுரம், ஸ்ரீராமபுரம் முதலிய பகுதிகளில் தமிழரும் கன்னடரும் தெலுங்கரும் நெருங்கி வாழ்கின்றனர். ஒரு முற்றத்தையும் ஒரு குழாயையும் பல குடும்பங்கள் பகிர்ந்துகொண்ட பழைய குடியிருப்புகள் கன்னடத்தில் ‘வடாரம்’ எனப்பட்டன. தமிழ்நாட்டு ஒண்டுக்குடித்தனம் போன்றவை அவை. அம்முற்றத்தில் மொழி வேறுபாட்டைவிடக் குடத்தின் முறையே பெரிய செய்தி. தன் முறைக்குக் காத்திருப்பவன் பொறையுடைமையையும், முதியவர்க்கு முறையை விட்டுக்கொடுப்பவன் ஒப்புரவையும் நூலின்றியே கற்கிறான்.

1991 ஜூன் மாதம் காவிரி நடுவர் மன்றம் இடைக்கால ஆணையில் தமிழ்நாட்டுக்கு ஆண்டுக்கு 205 டி.எம்.சி. நீர் விடப் பணித்தது. அவ்வாண்டு டிசம்பரில் ஆணை அரசிதழில் வெளியானதும் பெங்களூரில் தமிழர்க்கு எதிராகக் கலவரம் மூண்டது. உயிர்கள் மாண்டன, பலர் நகரை விட்டு வெளியேறினர். தமிழ்நாட்டிலும் கன்னடர் உடைமைகள் தாக்குதலுக்கு உள்ளாயின. இத்தகைய வேளையில் கும்பலுக்கு எந்த வீடு யாருடையது எனத் தெரியாது, அயலார்க்குத் தெரியும். ஒரு விரல் சுட்டினால் அவ்வீடு எரியும். ஒரு கதவு திறந்தால் ஒரு குடும்பம் பிழைக்கும். நெருங்கியவரைக் குறிக்கப் புறங்கூறாமை ஆளும் ‘துன்னியார்’ என்னும் சொல்லின் முழுக்கனத்தை இங்கே உணரலாம்.

அதே 1991இல் அல்சூர் ஏரியருகே நிறுவப்பட்ட வள்ளுவர் சிலை, எதிர்ப்பின் காரணமாக 18 ஆண்டுகள் மூடியே கிடந்தது. 2009 ஆகஸ்டு 9ஆம் நாள், கர்நாடக முதல்வர் எடியூரப்பா உடனிருக்க, தமிழக முதல்வர் மு. கருணாநிதி அதனைத் திறந்துவைத்தார். நான்கு நாள் கழித்துச் சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவிஞர் சர்வக்ஞரின் சிலை திறக்கப்பட்டது. ஈரடியில் அறம் சொன்னவரும் மூவடியில் அறம் சொன்னவரும் ஒருவர் ஊரில் ஒருவர் குடியேறினர்.

இந்நிகழ்வு பாராட்டுக்குரியது, எனினும் ஒரு முரண் இதில் உண்டு. ஒப்புரவின் முதற்குறள் மழையைக் காட்டிக் கைம்மாறு கருதாமையை வலியுறுத்துகிறது. சிலைக்குச் சிலை என்பதோ கைம்மாறே. பண்டமாற்றுப் பகையைத் தணிக்கலாம், அயன்மையை அழிக்காது. 2016 செப்டம்பர் 12ஆம் நாள் பெங்களூரில் தமிழ்நாட்டுப் பேருந்துகள் மீண்டும் எரிந்தன. அன்றே சென்னையில் கன்னடர் உணவகம் ஒன்றும் தாக்கப்பட்டது. திறந்த சிலை இரு நகரிலும் நின்றிருந்தது, நூல் திறக்கப்படவில்லை. ஏதிலார் குற்றம்போல் தம் குற்றத்தையும் காணுமாறு கூறும் புறங்கூறாமை அதிகாரம் இருசாரார்க்கும் உரியது.

2018 பிப்ரவரி 16ஆம் நாள் உச்ச நீதிமன்றம் தமிழ்நாட்டின் பங்கை 404.25 டி.எம்.சி. என வரையறுத்தது. நடுவர் மன்றத்தின் 2007ஆம் ஆண்டு இறுதித் தீர்ப்பு அளித்த 419 டி.எம்.சி.யினின்று 14.75 டி.எம்.சி. குறைந்தது. கர்நாடகத்துக்குச் சென்ற அக்குறைவில் 4.75 டி.எம்.சி. பெங்களூரின் குடிநீர்த் தேவையைக் கருதியது. அந்நகரின் காவிரிக் குழாய்நீரைக் கன்னடரோடு தமிழரும் பருகுகின்றனர். 2024 கோடையில் தட்டுப்பாடு நேர்ந்தபோது வறண்ட குழாய்கள் மொழி பார்க்கவில்லை. ஆகவே ‘அவர் நீர், நம் நீர்’ என்னும் பிரிவு ஒக்கலிபுரத்துத் தெருக்களில் பொருளற்றதாகிவிடுகிறது.

முடிவுரை

திருக்குறளில் அயலார்க்குத் தனி அதிகாரம் இல்லை. ஆனால் அயலார் அறம் உண்டு. 15 முதல் 21 வரையுள்ள அதிகாரங்கள் பிறன் வாயிலில் செய்யத்தகாதவற்றை வரையறுக்கின்றன. 22ஆம் அதிகாரம் ஊருணியில் செய்யத்தக்கதைக் காட்டுகிறது. முன்னது இல்லாதவிடத்துப் பின்னது நிலைக்காது: பிறன் கதவை மதியாதவன் அவனோடு நீரைப் பகிரான். அன்பு அரும்பும்வரை காத்திராமல் உடனே கைக்கொள்ளத்தக்க ஒழுக்கம் இது. வீடுகளுக்கும் மாநிலங்களுக்கும் இஃது ஒக்கும். வள்ளுவர் நீர் நிறைந்த ஊருணியைப் பாடினார். நீர் குறைந்த ஊருணியின் முன் நிற்கும் இக்காலமே அவ்வறத்தின் தேர்வுக்களம்.