உறையில் எழுதும் கிழமை

திருநின்றவூரில் திருத்தணி நெடுஞ்சாலையோர மெடிக்கல்களில் நடக்கும் வேலை பார்வைக்கு எளிது: சீட்டை வாங்கி, அட்டையைக் கத்தரித்து, உறையில் வேளை எழுதித் தருவது. இதற்கு நான்கு வருடம் பி.ஃபார்ம் எதற்கு என்று பிளஸ் டூ முடித்த பிள்ளையின் வீட்டில் கேட்பது நியாயமே. மெத்தோட்ரெக்சேட் மாத்திரை அதற்குப் பதில் சொல்லும். முடக்குவாதத்துக்கு அதை வாரம் ஒருமுறைதான் சாப்பிட வேண்டும். மற்ற மாத்திரை போல தினமும் விழுங்கினால் எலும்பு மஜ்ஜை பாதிக்கப்பட்டு உயிரே போகலாம். எந்தக் கிழமை என்று உறையில் எழுதி, அதை நோயாளியின் வாயாலேயே திருப்பிச் சொல்ல வைப்பதில்தான் தேர்ச்சி தெரிகிறது. ரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் எடுப்பவரின் சீட்டில் மெட்ரோனிடசோல் என்ற ஆன்டிபயாட்டிக்கைக் கண்டதும் ரத்தக்கசிவை நினைத்து டாக்டருக்குப் போன் போடுவதும் இதே ரகம். விபரீதம் நடக்காமல் போவதே இந்த வேலையின் பலன். அதற்கு யார் கைதட்டுவார்கள்?

சான்றிதழ் சுவரில், ஆள் வேறெங்கோ என்ற கடைகள் இல்லையா என்பார்கள். உண்டு. 1948ஆம் வருட மருந்தாளுநர் சட்டத்தின் 42ஆம் பிரிவு அதைத் தடுக்கத்தான் இருக்கிறது. ஆள் இல்லாத கடையை வைத்து ஆளின் திறமையை எடைபோட முடியாது. நீட் தேவையில்லை, பிளஸ் டூ மதிப்பெண் போதும் என்பதால் எம்.பி.பி.எஸ். கிடைக்காதவர்களின் ஒதுங்குமிடமாக இதை நினைப்பதுதான் எனக்கு உறுத்துகிறது. வேதியியலில் ருசியும் பொடி எழுத்தைப் படிக்கும் பொறுமையும் உள்ளவர்கள் இதை முதல் விருப்பமாகவே எழுதலாம். விண்ணப்பிக்குமுன் கல்லூரிக்கு இந்திய மருந்தாளுநர் மன்றத்தின் அங்கீகாரம் உண்டா என்று பார்க்க வேண்டும். அது இல்லாத பட்டத்தை வைத்து மருந்தாளுநராகப் பதிவு செய்ய முடியாது.