பெட்டி மூடியில் ஒரு வானம்

அன்று லண்டனை ஒட்டியிருந்த ஹாம்ஸ்டெட் மேட்டில் ஆங்கில ஓவியர் ஜான் கான்ஸ்டபிள் தீட்டிய மேகங்களில் எனக்குப் பிடித்தது அவற்றின் அவசரம். வண்ணப்பெட்டி மடியில், அதன் மூடியில் குத்திய சிறு காகிதம், தலைக்கு மேலே நிற்காமல் நகரும் வானம். எண்ணெய் வண்ணம் காய நாள் கணக்காகும். மேகம் அதுவரை காத்திருக்குமா? அதனால் ஈரத்தின் மேலேயே ஈரம். வெள்ளையை இழுக்கும் தூரிகை அடியிலுள்ள சாம்பலையும் கொஞ்சம் வாரிக்கொண்டு போக, அந்தக் கலங்கலே மழை மேகத்தின் அடிவயிறாகிவிடுகிறது. மயிர் கீறிய வரிகள் அப்படியே நிற்கின்றன. தொட்டுப் பார்க்கக் கை துறுதுறுக்கும். காகிதத்தின் பின்பக்கம் தேதி, நேரம், காற்றடித்த திசை எல்லாம் எழுதியிருப்பார். கிட்டத்தட்ட ஒரு விவசாயியின் கவனம்.

ஸ்டூடியோவில் இதே கைக்கு வேறு பொறுமை. சஃபோக்கின் ஸ்டவர் ஆற்றை லண்டனில் உட்கார்ந்து தீட்டினார். 1821-இல் காட்சிக்கு வைத்த 'தி ஹே வெயின்' (வைக்கோல் வண்டி) ஓவியம் ஏறத்தாழ ஆறடி அகலம். அதற்கு முன் அதே அளவில் எண்ணெய் வண்ணத்திலேயே முழு ஒத்திகை! அந்த ஒத்திகையில்தான் காற்று அதிகம் என்பேன். ஆனால் முடித்த படத்தின் தண்ணீரை விட்டுக்கொடுக்க முடியாது: வண்டிச் சக்கரத்தடியில் பழுப்பும் நீலமும் மெல்லிய பூச்சாகப் படிந்து, மேலே தடித்த வெள்ளைப் பொட்டுகள். அவருடைய படங்களின் இந்தப் பொட்டுகளைப் பனி என்று அன்றைய விமர்சகர்கள் கேலி செய்தார்கள். எனக்கென்னவோ அவை ஈர இலையில் பட்ட வெயிலாகத்தான் தெரிகின்றன.