மெய்நிகர் ஆய்வுக்கூடம் தருவதும் தராததும்

தாக்கிப் பார்க்காமல் தற்காப்பு பிடிபடாது. ஆனால் அடுத்தவர் கணினியில் அனுமதியின்றிக் கைவைத்தால் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-இன் 43ஆம் பிரிவு இழப்பீடு கேட்கும். கெட்ட நோக்கமும் சேர்ந்தால் 66ஆம் பிரிவில் சிறைவரை போகும். கணினிப் பாதுகாப்பு படிக்கிற மாணவருக்கு மெய்நிகர் கணினி இந்த இக்கட்டைத் தீர்க்கிறது. 8 ஜிபி ரேம் உள்ள லேப்டாப்பில் விர்ச்சுவல்பாக்ஸ் போட்டு, தாக்குவதற்குக் காளி லினக்ஸையும், அடிவாங்குவதற்கென்றே ஓட்டைகளோடு தயாரிக்கப்பட்ட மெட்டாஸ்பிளாய்ட்டபிள் 2-ஐயும் ஓட்டலாம். மூன்றும் இலவசம். ஸ்னாப்ஷாட் எடுத்துவைத்தால் எதைக் கெடுத்தாலும் பழைய நிலைக்குத் திரும்பலாம். வசதியில்லாத மாணவருக்கு இது பெரிய கொடை என்றே சொல்வேன்.

ஆபத்து நெட்வொர்க் அமைப்பில் இருக்கிறது. மெட்டாஸ்பிளாய்ட்டபிளை 'பிரிட்ஜ்டு' முறையில் விட்டால் வீட்டு ரவுட்டரே அதற்கும் ஐபி முகவரி கொடுத்துவிடும். அதன் பயனர்பெயரும் கடவுச்சொல்லும் ஒன்றே என்பது ஊரறிந்த செய்தி; அதே வைஃபையில் இருக்கும் யாரும் உள்ளே போகலாம். 'ஹோஸ்ட்-ஒன்லி' என்று மாற்றுவது ஒரு நிமிட வேலை. மெய்நிகர் கணினியின் சுவரையே துளைக்கும் ஓட்டைகளும் உண்டு. 2015-இல் வெளிவந்த 'வெனம்', யாரும் பயன்படுத்தாத ஃபிளாப்பி டிரைவுக்கான நிரலில் ஒளிந்திருந்தது. ஆனாலும் மாணவருக்கு வெனத்தைவிட பிரிட்ஜ்டுதான் பக்கத்தில் இருக்கும் ஆபத்து.

எனக்கு இதைவிடப் பெரிய குறையாகப் படுவது, மெட்டாஸ்பிளாய்ட்டபிள் போன்ற தயார்நிலை இலக்கு கற்றுத்தரும் பாடம். மெட்டாஸ்பிளாய்ட்டபிளில் விஎஸ்எஃப்டிபிடி 2.3.4 என்ற கோப்புப் பரிமாற்றச் சேவை ஓடுகிறது. பயனர்பெயரின் முடிவில் முக்காற்புள்ளியும் அடைப்புக்குறியும் சேர்த்து ஒரு சிரிப்பு முகம் இட்டால் 6200ஆம் போர்ட் திறந்து, ரூட் அதிகாரம் கைக்கு வந்துவிடும். மெட்டாஸ்பிளாய்ட் என்ற தாக்குதல் கருவியில் நாலைந்து வரி தட்டினால் வேலை முடிந்தது, வகுப்பே மகிழ்கிறது. அந்தக் கதவு எப்படி வந்தது? 2011-இல் அந்த மென்பொருளின் பதிவிறக்கத் தளத்தில் இருந்த மூலக் கோப்பையே யாரோ மாற்றிவைத்தார்கள். டிஜிட்டல் கையொப்பத்தைச் சரிபார்த்தவர்கள் மட்டும் தப்பினார்கள். பாடம் முழுக்க அங்கேதான் இருக்கிறது, அதைப் பேசாமலே அடுத்த ஓட்டைக்குப் போய்விடுகிறார்கள். அந்தப் பயிற்சிக்காகக் காளி லினக்ஸைப் பதிவிறக்கியபோது அதன் ஷா256 மதிப்பை ஒப்பிட்டுப் பார்த்தவர் எத்தனை பேர் என்று எந்த வகுப்பிலும் கேட்டுப் பார்க்கலாம்.

தீநிரல் ஆய்வுக்கும் இந்தக் கூடம் ஓரளவுக்கே உதவும். விர்ச்சுவல்பாக்ஸின் மேக் முகவரி வழக்கமாக 08:00:27 என்றுதான் தொடங்கும். அதைக் கண்டதுமே அடங்கி நல்லபிள்ளையாக இருந்துவிடும் தீநிரல்கள் உண்டு.

இந்தக் குறைகளில் பெரியது பாடம் கைநழுவுவதுதான்; ஆகவே முதல் சில வாரங்களுக்குமேல் தயார்நிலை இலக்கு வேண்டாம் என்பது என் முடிவு. மாணவரே டெபியன் சர்வர் ஒன்றை நிறுவட்டும். எஸ்எஸ்ஹெச் சேவைக்கு எளிய கடவுச்சொல் வைத்து, கடவுச்சொற்களை மாற்றி மாற்றி முயலும் ஹைட்ரா என்ற கருவியால் தாக்கட்டும். பிறகு சர்வர் பக்கம் வந்து, தோற்ற ஒவ்வொரு முயற்சியும் நேரத்தோடும் ஐபி முகவரியோடும் பதிவேட்டில் வரிவரியாக விழுந்திருப்பதைப் படிக்கட்டும். ஃபெயில்2பேன் நிறுவி மறுபடி தாக்கினால், சில முயற்சிகளிலேயே இணைப்பு மறுக்கப்படும். அப்போது கடவுச்சொல் நுழைவையே நிறுத்திவிட்டுச் சாவிக்கோப்புக்கு மாறுவது ஏன் இன்னும் நல்லது என்று ஆசிரியர் கேட்கலாம்.