785 படிகளும் ஒரு பெயர் மாற்றமும்

ஜப்பானின் ஷிகோகு தீவில் இருக்கும் கொதொஹிரா மலைக்கோயிலைப் பற்றி இணையத்தில் தேடினால் திரும்பத் திரும்ப ஒரே வரிதான் வருது: கடலோடிகளைக் காக்கும் பழமையான ஷிண்டோ கோயில், 785 படி ஏறணும். சாரா தால் எழுதி 2005இல் வெளிவந்த 'ரீஅரேஞ்சிங் தி லேண்ட்ஸ்கேப் ஆஃப் தி காட்ஸ்', அந்த வரியில் உள்ள 'ஷிண்டோ' என்ற சொல்லையே பிரித்துப் போடுகிறது. அதற்காகவே படிக்கலாம்.

1868 வரை அங்கிருந்த சாமியின் பெயர் கொம்பிரா தாய்கொங்கென். கொம்பிரா என்பது சமஸ்கிருத 'கும்பீரா'தான், அதாவது முதலை. பௌத்தத்தோடு சேர்ந்து ஜப்பான் போய்ச் சேர்ந்த பெயர். மலைக்குப் பெயர் சோசுசான், யானைத்தலை மலை. நிர்வாகம் பௌத்தத் துறவிகள் கையில். மெய்ஜி அரசு அந்த வருடம் பௌத்தத்தையும் ஷிண்டோவையும் பிரிக்கச் சொன்னது. 'கொங்கென்' என்ற பட்டமும் சிக்கலானது. தலைமைத் துறவி சண்டை போடவில்லை. ஷிண்டோ பூசாரியாக மாறிவிட்டார், சாமி ஒமொனொனுஷி ஆகிவிட்டார். எங்க தொழில் பாஷையில் சொன்னால், சர்வர் அதே, டொமைன் பெயர் மட்டும் புதுசு.

இந்த அதிகார ஆட்டத்தை தால் பிரமாதமாகச் சொல்கிறார். என் குறை வேற. அவர் கதையில் பக்தர்கள் வராமல் இல்லை, ஆனால் கதையை நகர்த்துவது மேலே உட்கார்ந்திருப்பவர்கள்தான். படிக்கட்டுப் பக்கமிருந்து பார்த்தால் கணக்கு மாறுது. எடோ காலத்தில் வர முடியாதவர்கள் நாயின் கழுத்தில் காசுப் பையைக் கட்டி அனுப்புவார்கள். வழியில் போகிறவர்கள் அதற்குச் சோறு போட்டுக் கூட்டிப்போவார்கள். மாலுமிகள் காணிக்கையைப் பீப்பாயில் வைத்துக் கடலில் விடுவார்கள். கண்டெடுத்தவர் கோயிலில் சேர்க்கணும். இதை எந்தத் துறவியும் உத்தரவு போட்டு நடத்த முடியாது, அந்நியர்கள் மேல் வைத்த நம்பிக்கையில் ஓடிய ஏற்பாடு.

628ஆம் படியில் அசாஹி மண்டபம் நிற்கிறது. 1837இல் முடிந்த இது முன்பு பௌத்தப் பொன் மண்டபம். இதுதான் மூலக்கோயில் என்று நினைத்து இஷிமாட்சு என்ற ரவுடி கும்பிட்டுவிட்டுத் திரும்பிப் போனதாக ஒரு கதை உண்டு. சிரிக்கத்தான் சொல்வாங்க. எனக்கென்னவோ அந்த ஆள் பெரிதாக எதையும் தவறவிட்டதாகத் தெரியலை.

'மாற்றி அடுக்குதல்' என்ற தலைப்பு மேலிடத்துக்குப் பொருந்தும். கீழே அவ்வளவு மாறலை. ஜனங்க இன்னிக்கும் 'கொம்பிரா-சான்' என்றுதான் கூப்பிடுறாங்க. 'கொம்பிரா ஃபுனே ஃபுனே' என்ற நாட்டுப்பாட்டிலும் தடை செய்யப்பட்ட அந்தப் பழைய பெயர் பட்டத்தோடு அப்படியே இருக்கு.