தலைவனும் மக்களும்: ‘கறுப்பு ஜாக்கபின்கள்’ – ஒரு மறுவாசிப்பு

ஆப்பிரிக்கப் புலம்பெயர் சமூகங்களின் அரசியல் எழுச்சியைப் பேசும் நூல்களுள், டிரினிடாட் அறிஞர் சி.எல்.ஆர். ஜேம்ஸ் எழுதிய ‘கறுப்பு ஜாக்கபின்கள்’ (1938) முதன்மையானது. கரிபியக் கடலிலிருந்த பிரெஞ்சுக் குடியேற்றமொன்றில் 1791ஆம் ஆண்டு வெடித்த அடிமைகளின் கிளர்ச்சி, 1804இல் ஹெய்ட்டி என்னும் விடுதலை நாடாக மலர்ந்த வரலாற்றை இந்நூல் விவரிக்கிறது. அடிமையாகப் பிறந்து படைத்தலைவராக உயர்ந்த டூசான் லூவெர்த்தூரின் வீரவரலாறாக மட்டும் இதனைக் கொள்வோர் உளர். அவ்வாறு கொள்வது நூலின் உயிர்நாடியைத் தவறவிடுவதாகும்.

1935இல் இத்தாலி எத்தியோப்பியாவின்மீது படையெடுத்த பின்னர், இலண்டனில் ஆப்பிரிக்க விடுதலைக்காக இயங்கியவர் ஜேம்ஸ். வரவிருந்த போராட்டங்களை மனத்திற்கொண்டே அவர் இந்நூலை எழுதினார். ஆகவே, டூசானின் வெற்றியோடு அவரது வீழ்ச்சியையும் அவர் கூர்ந்து ஆராய்கிறார். விடுதலை பெற்ற உழைப்பாளரை 1800இல் மீண்டும் தோட்டங்களோடு பிணைத்த டூசான், அதற்கான காரணத்தை அவர்களுக்கு எடுத்துரைக்கவில்லை. 1801இல் வடபகுதி உழைப்பாளர் கிளர்ந்தெழுந்தபோது, அவர்கள்பால் பரிவு கொண்டிருந்த தம் வளர்ப்பு மருமகன் மொயீசையே கொல்வித்தார். மறு ஆண்டு நெப்போலியனின் படை வந்திறங்கியபோது மக்கள் குழம்பி நின்றதற்கு இதுவே காரணம் என்பது ஜேம்ஸின் முடிபு. டூசான் சிறைப்பட்டு 1803இல் பிரான்சில் இறந்தார். குவாதலூப்பில் அடிமைமுறை மீட்கப்பட்டதை அறிந்த மக்களோ போரைத் தொடர்ந்து வென்றனர்.

1963ஆம் ஆண்டின் திருத்திய பதிப்பில் டூசானைத் துன்பியல் நாயகராக ஜேம்ஸ் விரித்துரைத்தார். 1794இல் அடிமைமுறையை ஒழித்த பிரான்சைத் துறக்கவும் இயலாமல், அதனை மீட்க வந்த பிரான்சை ஏற்கவும் இயலாமல் தவித்தவர் டூசான் என்பது அவ்விளக்கம். டேவிட் ஸ்காட் தமது 2004ஆம் ஆண்டு நூலில் இத்திருத்தத்தைப் பெரிதும் போற்றுகிறார். ஆயினும், துன்பியல் என்னும் வடிவம் நாயகனை நடுவில் நிறுத்தி, மக்களைப் பின்னணிக் குழுவினராக ஒதுக்கிவிடுகிறது. 1971இல் அட்லாண்டாவில் ஆற்றிய உரைகளில், நூலை மீண்டும் எழுதினால் அடிமைகளின் குரலுக்கே மிகுதியான இடமளிப்பதாக ஜேம்ஸ் கூறினார். அப்பணியைக் கேரலின் ஃபிக் 1990இல் வெளியான தம் ஆய்வில் மேற்கொண்டார்.

தலைவன் மக்களிடம் பேச மறந்த இடத்திலேயே அவனது வீழ்ச்சி தொடங்குகிறது என்பதே 1938ஆம் ஆண்டின் பதிப்பு உணர்த்தும் உண்மை. துன்பியல் விளக்கத்தின் அழகில் அவ்வுண்மை மங்கிவிடாமல் காப்பது இந்நூலைக் கற்பிப்போரின் கடமையாகும்.